தச்சனின் ஒரு திங்கள்: அரும்பாவூர் மரச்சிற்பங்களை முன்வைத்துக் கைவினைப் பொருளின் மதிப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கையால் செய்யப்பட்ட பொருள் எந்திரத்தில் செய்யப்பட்ட பொருளைவிட உயர்ந்தது என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அந்த உயர்வுக்கான காரணம் மட்டும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. பழமை, குறையின் அழகு, மெதுவான உழைப்பு எனப் பல விடைகள் சொல்லப்படுகின்றன. இக்கட்டுரை பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களை முன்வைத்து அவ்விடைகளை மதிப்பிடுகிறது. தச்சரைக் குறிக்கும் மூன்று சங்கப் பாடற்பகுதிகள் வழிக் கைவினைப் பொருளின் மதிப்பிற்கு அடிப்படையாகும் மூன்று நிபந்தனைகளை எடுத்துரைக்கிறது. காலம், அறிந்த கண், பிழைப்பின் உரிமை என்பன அவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ‘கைவினை’ என்பது பொருளின் பண்பாக நில்லாமல் வெறும் முத்திரையாகிவிடும் என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கைவினை, அரும்பாவூர், மரச்சிற்பம், தச்சர், புறநானூறு, பெரும்பாணாற்றுப்படை, புவிசார் குறியீடு.

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2007ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. பெரம்பலூர் மாவட்டத்துப் பேரூராட்சிகளான குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு ஆகியவற்றுள் வேப்பந்தட்டை வட்டத்தைச் சேர்ந்த அரும்பாவூர், மரச்சிற்பத்தால் பெயர் பெற்றது. அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடும் அப்போதே அதனைப் பெற்றது. அடுத்த ஆண்டு, அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்துக் கருப்பூரின் பெயரில் அமைந்த கலம்காரி ஓவியத்திற்கும் அக்குறியீடு கிடைத்தது.

இவ்விரண்டு கலைகளும் கோயிலோடு பிணைந்தவை. தேரின் மரவேலையில் பழகிய உளியே அரும்பாவூரில் தனிச்சிற்பத்திற்கும் வந்தது. கலம்காரிச் சீலை தொம்பையாகவும் தோரணமாகவும் குடைச்சீலையாகவும் கோயில் விழாக்களில் தொங்கியது. தேரும் சீலையும் விற்பனைப் பொருள்களாகத் தோன்றியவை அல்ல. ஓர் ஊர் தன் விழாவுக்காகச் செய்வித்துக்கொண்டவை அவை. இன்று அதே கைகள் வீட்டுக்கும் அலுவலகத்திற்கும் ஏற்றுமதிக்கும் வேலை செய்கின்றன. விழாவிலிருந்து சந்தைக்கு நிகழ்ந்த இந்த இடப்பெயர்ச்சியே ‘கைவினை’ என்பதன் பொருளை மீண்டும் கேட்க வைக்கிறது.

குரும்பலூரில் புதிதாக வீடு கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். தலைவாசல் கதவில் கசலட்சுமி உருவம் வேண்டும் என்கிறார். கணினி வழி இயங்கும் செதுக்கு எந்திரத்தில் அவ்வுருவத்தை வெட்டித் தருவதாக ஒருவர் குறைந்த விலை சொல்கிறார். அரும்பாவூர்ச் சிற்பி ஒருவர் அதைவிடக் கூடுதலான விலையும் கூடுதலான நாளும் கேட்கிறார். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டு கதவுகளும் ஒன்றுபோலவே தோன்றும். அப்படியாயின் அந்தக் கூடுதல் விலை எதற்காக? இக்கேள்விக்கு நேர்மையான விடை இல்லையென்றால், கைவினை குறித்த புகழுரைகள் அனைத்தும் விளம்பரமாகவே எஞ்சும்.

கைவினை என்னும் சொல்

தமிழில் ‘வினை’ என்னும் சொல் செயலையும் செய்நேர்த்தியையும் செயலின் விளைவையும் ஒருசேரக் குறிக்கிறது. முன்பு செய்தது பின்பு வந்து சேர்வதையும் அதே சொல்லால் சுட்டுகிறோம். ஆகவே ‘கைவினை’ என்பதில் கை ஒரு கருவி மட்டும் அன்று. செயலுக்குப் பொறுப்பேற்கும் உறுப்பும் அதுவே. ‘கைப்பக்குவம்’, ‘கைராசி’, ‘கைத்திறன்’, ‘கைப்பழக்கம்’ என அன்றாட வழக்கில் உள்ள சொற்களும் இதையே காட்டுகின்றன. ஒரே அளவில் ஒரே பொருள்களை இட்டுச் சமைத்தாலும் இருவர் வைக்கும் குழம்பு ஒன்றாவதில்லை. அளவுக்குறிப்பில் அடங்காத ஒன்று செய்பவரிடம் இருக்கிறது என்னும் பட்டறிவே ‘கைப்பக்குவம்’ என்னும் சொல்லைத் தந்தது.

இப்பட்டறிவு சரியானதே. எனினும் அது போதாது. அளவில் அடங்காதது என்பதனாலேயே ஒன்று மதிப்புடையதாகிவிடாது. கவனக்குறைவும் அளவில் அடங்குவதில்லை. கையால் செய்ததெல்லாம் நல்லது என்று கொள்வோமானால், கோணல் நாற்காலியையும் பிளந்த கதவையும் போற்ற வேண்டிவரும். எனவே கை தொட்டது என்பதைக் கடந்து, கை எவ்வாறு தொட்டது என்பதே ஆராயத்தக்கது.

முதல் தச்சன்: காலம்

அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 87ஆம் பாடலில் பகைவரை எச்சரிக்கிறார். எம்மிடையே ஒரு வீரன் உள்ளான், அவனை எதிர்த்துக் களம் புக எண்ணாதீர் என்பது செய்தி. அவ்வீரனுக்கு அவர் தரும் உவமை புலியோ களிறோ அன்று, ஒரு தேர்ச்சக்கரம். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அவ்வீரன் என்கிறார்.

இவ்வுவமையில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. நாளுக்கு எட்டுத் தேர் என்றால் முப்பது நாளில் 240 தேர். 240 தேர்கள் செய்யத்தக்க காலத்தை அத்தச்சன் ஒரு சக்கரத்தில் செலவிட்டிருக்கிறான். மெதுவாகத்தான் அவனால் செய்ய முடியும் என்பதல்ல காரணம். விரைவாகச் செய்ய வல்லவன் என்பதை ஔவையார் முதலிலேயே சொல்லிவிடுகிறார். விரைவு அவன் கையில் இருக்கிறது. அதை அவன் இங்கே வேண்டாமென்று வைக்கிறான். சக்கரத்தின் மதிப்பு அந்தத் தெரிவில்தான் பிறக்கிறது.

பாடலில் அத்தச்சனின் ஒரு மாதச் செயலைக் குறிக்கும் வினைச்சொல்லுக்குக் கருதுதல், உறுதிகொள்ளுதல் என்னும் பொருள்கள் உண்டு. அவ்வாறு கொண்டால் அந்த ஒரு திங்கள் உடலுழைப்பின் திங்கள் மட்டும் அன்று, எண்ணத்தின் திங்களும் ஆகும். எந்த மரம், எந்தத் திசையில் அறுப்பது, ஆரக்காலை எங்கே இறுக்குவது என்று கருதிக் கருதிச் செய்த சக்கரம் அது.

கைவினையை ‘மெதுவான உழைப்பு’ என்று மட்டும் போற்றும் இன்றைய பேச்சிலிருந்து இக்கருத்து வேறுபட்டது. மெதுவாகச் செய்வது தன்னளவில் ஒரு சிறப்பு ஆகாது. விரைவாகவும் செய்யக்கூடிய ஒருவர், இந்தப் பொருளுக்கு இவ்வளவு காலம் தேவை என்று முடிவு செய்வதே சிறப்பு. அம்முடிவைச் செய்ய அவருக்கு இடமிருக்க வேண்டும். நாளை மறுநாள் பத்து உருப்படிகளைத் தந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் செதுக்கப்படும் பத்துப் பிள்ளையார்களும் கையால் செய்யப்பட்டவையே. ஆனால் அங்கே கை, எந்திரத்தின் வேலையை எந்திரத்தைவிடக் குறைந்த கூலிக்குச் செய்கிறது. முதல் தச்சன் சொல்லும் நிபந்தனை, காலம் செய்பவரின் ஆளுகையில் இருக்க வேண்டும் என்பதே.

இரண்டாம் தச்சன்: அறிந்த கண்

கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து இல்லம் ஒன்றைக் காட்டுகிறார். அங்கே குழந்தைகள் சிறு தேர் ஒன்றை உருட்டி விளையாடுகின்றனர். ஏறிச் செல்வதற்கு உதவாத விளையாட்டுத் தேர் அது. உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியரிடம் பால் அருந்தி உறங்குகின்றனர். அத்தேரின் சிறப்பைச் சொல்ல வந்த புலவர், தச்சர் வீட்டுச் சிறுவர்களும் விரும்பும்படி செய்யப்பட்டது என்கிறார்.

இக்குறிப்பு நுட்பமானது. தேரைக் காணாத பிள்ளை எந்தத் தேரைக் கண்டாலும் விரும்பும். தச்சர் வீட்டுப் பிள்ளையோ மரச்சீவல்களுக்கு நடுவே வளர்வது. அச்சு நேராக நிற்கிறதா, சக்கரம் ஆடுகிறதா என்பது அதற்குப் பார்த்தவுடன் தெரியும். அப்பிள்ளையும் ஆசைப்படுகிறது என்றால் பொருள் தேர்ந்தது. புலவர் இங்கே கைவினையின் அளவுகோலை வாங்குபவரின் வியப்பில் வைக்காமல், தொழிலை உள்ளிருந்து அறிந்தவரின் விருப்பத்தில் வைக்கிறார்.

அரும்பாவூர் மரச்சிற்பத்தை மதிப்பிடவும் இவ்வளவுகோல் பொருந்தும். அச்சிற்பங்களுக்கு வாகை, மா, வேம்பு, ஈட்டி முதலிய மரங்கள் பயன்படுகின்றன. ஒவ்வொரு மரமும் உளிக்கு ஒவ்வொரு விதமாக இடங்கொடுக்கும். ஈட்டி கடினமானது, நுண்ணிய வேலையைத் தாங்கும், அதன் கருமை கலந்த நிறமே அணியாகும். மா எளிதில் வெட்டுப்படும். ஆனால் கூர்மையான விளிம்பை நெடுநாள் காக்காது. பச்சை மரத்தில் செதுக்கினால் காயும்போது வெடிக்கும். வைரம் பாய்ந்த பகுதியும் வெளிப்புற வெள்ளைப் பகுதியும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. கணு குறுக்கிட்டால் உளி வழுக்கும்.

சிற்பி தக்க கட்டையைத் தேர்ந்து, காய்ந்ததா என்று பார்த்து, உருவத்தின் புறக்கோட்டை அதன்மேல் வரைகிறார். உருவத்தின் அளவு தாலமான மரபைச் சார்ந்தது. முகத்தின் நீளத்தை அடிப்படை அலகாகக் கொண்டு உடலின் ஏனைய உறுப்புகள் பகுக்கப்படுகின்றன. பின் பெரிய உளியும் கொட்டாப்புளியும் கொண்டு தேவையற்ற மரத்தை நீக்கி உருவத்தின் திரட்சியை வெளிக்கொணர்கிறார். அடுத்தடுத்துச் சிறிய உளிகளுக்கு மாறி, ஆடை மடிப்பு, அணிகலன், விரல், கண் என்று நெருங்குகிறார். இறுதியில் தேய்த்து மெருகிடுகிறார்.

இவ்வரிசையைச் சொல்வது எளிது. கலை இருப்பது வரிசைக்கு இடையிலுள்ள முடிவுகளில். அளவு நூல் மூக்கு இவ்வளவு நீளம் என்று சொல்லும். அந்த இடத்தில் கணு வந்தால் என்ன செய்வது என்று சொல்லாது. கட்டையைத் திருப்பி வைப்பதா, உருவத்தைச் சற்றே கீழிறக்குவதா, கணுவையே அணிகலனின் நடுமணியாக்குவதா என்பதைச் சிற்பிதான் முடிவு செய்ய வேண்டும். மரத்தின் இழை ஓடும் திசைக்கு எதிராக நீட்டிய விரல் எளிதில் ஒடியும். ஆகவே கையின் முத்திரையைத் தீர்மானிப்பதில் ஆகமத்திற்கு மட்டுமன்றி மரத்திற்கும் பங்குண்டு. செதுக்கு எந்திரமோ, தரப்பட்ட வழியில் எந்தப் பலகையின் மேலும் ஒரே விதமாக ஓடும். பலகை மாறினாலும் அதன் பாதை மாறாது.

குரும்பலூர் வீட்டுக்காரருக்கு இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அது அவருடைய குற்றமன்று. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு இருந்த கண் அவருக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே. கைவினைப் பொருளின் வீழ்ச்சியில் எந்திரத்தின் வரவு பாதிக் காரணம். அறிந்த கண்ணின் மறைவு மறுபாதி. தேரோட்டத்தில் ஊரே கூடித் தேரின் சிற்பங்களைப் பார்த்துப் பேசிய காலத்தில், செய்பவர் அல்லாதவரிடமும் அக்கண் ஓரளவு பரவியிருக்க வாய்ப்புண்டு. பொருள் கடையலமாரிக்குப் போனபோது அப்பேச்சு அதனுடன் போகவில்லை.

மேலைச் சிந்தனையும் ஆனந்த குமாரசாமியும்

கைவினையின் மதிப்பு குறித்துத் தொழிற்புரட்சிக்குப் பிந்தைய இங்கிலாந்தில் விரிவாகச் சிந்திக்கப்பட்டது. ஜான் ரஸ்கின், 1853ஆம் ஆண்டு வெளிவந்த தம் வெனிசு நகரக் கட்டடக்கலை நூலின் இரண்டாம் தொகுதியில், கோதிக் கட்டடங்களின் கரடுமுரடான செதுக்கலில் தொழிலாளியின் சுதந்திரத்தைக் கண்டார். குறையற்ற ஒழுங்கைக் கேட்பது மனிதனைக் கருவியாக்குவது என்பது அவர் கருத்து. வில்லியம் மாரிசு அதனைத் தொடர்ந்தார். ஜப்பானில் யானகி சோயெட்சு, பெயரறியாத கைவினைஞர் செய்த அன்றாடப் புழங்குபொருள்களின் அழகைப் போற்றி, 1936ஆம் ஆண்டு தோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகம் திறந்தார்.

இச்சிந்தனை மரபின் மிக முக்கியமான தமிழ்த் தொடர்பு ஆனந்த குமாரசாமி. 1877ஆம் ஆண்டு கொழும்பில், ஈழத்தமிழரான முத்துக் குமாரசாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அவர், நிலவியலாளராக இலங்கை ஊர்களில் சுற்றியபோது கைத்தொழில்கள் நலிவதை நேரில் கண்டார். இடைக்காலச் சிங்களக் கலை குறித்த அவரது பெருநூல் 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்தியக் கைவினைஞர் குறித்த சிறுநூல் 1909ஆம் ஆண்டு வந்தது. கலை வேறு, தொழில் வேறு என்னும் பிரிவை அவர் ஏற்கவில்லை. செய்யத்தக்கதைச் செய்யத்தக்க முறையில் செய்வதே கலை என்பது அவர் நிலைப்பாடு.

இவர்களிடம் கற்கத்தக்கவை பல. ஆனால் ரஸ்கினின் வாதத்தை அப்படியே அரும்பாவூருக்குக் கொண்டுவர இயலாது. குறையின் அழகு என்பது தமிழ்ச் சிற்ப மரபின் குறிக்கோள் அன்று. தெய்வ உருவத்தில் அளவு பிழைப்பதை இம்மரபு குற்றமாகவே கருதுகிறது. அரும்பாவூர்ச் சிற்பி ஒழுங்கை நாடுகிறார், குறையை நாடுவதில்லை. எந்திரம் எளிதில் எட்டும் ஒழுங்கைக் கை ஏன் அரும்பாடுபட்டு எட்ட வேண்டும் என்ற வினா ஆகவே இங்கே இன்னும் கூர்மையடைகிறது.

இதற்கு டேவிட் பை என்னும் ஆங்கிலேய மரவினைஞர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு விடை உண்டு. கைவேலை, எந்திரவேலை என்னும் பிரிவு தெளிவற்றது என்று கண்ட அவர், வினைத்திறனை வேறு வகையில் இரண்டாகப் பிரித்தார். முடிவு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட வேலை ஒன்று. வேலை நடக்கும் ஒவ்வொரு கணமும் முடிவு இடர்ப்பாட்டில் இருக்கும் வேலை மற்றொன்று. பின்னதில் செய்பவரின் தீர்ப்பும் கவனமும் தவறினால் பொருள் கெடும். இவ்வாறு பார்த்தால் அரும்பாவூர்ச் சிற்பத்தின் ஒழுங்கு, எந்திரத்தின் ஒழுங்கிலிருந்து வேறுபடும் இடம் தெரிகிறது. எந்திரத்தின் ஒழுங்கு தவற இயலாத ஒழுங்கு. சிற்பியின் ஒழுங்கு, ஒவ்வோர் உளியடியிலும் தவறியிருக்கக்கூடியது, தவறாமல் காக்கப்பட்டது. வித்தையில் கயிற்றின்மேல் நடப்பவரைப் பார்க்கும்போது உண்டாகும் உணர்வு, பாலத்தின்மேல் நடப்பவரைப் பார்க்கும்போது உண்டாவதில்லை. இருவரும் அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான்.

சக்கரத்தின் இன்றைய நிலை

இவ்வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தேரே காட்டுகிறது. திருவாரூர் ஆழித்தேர் முதலான பெருந்தேர்களுக்கு இன்று இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றைச் செய்தளிப்பது திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலை. ஆழித்தேருக்கு நீரியல் தடையமைப்பும் உண்டு. ஔவையாரின் தச்சன் ஒரு திங்கள் செலவிட்ட அதே உறுப்பு, இன்று தேரில் தொழிற்சாலையிலிருந்து வரும் உறுப்பாகிவிட்டது. சிற்பங்கள் நிறைந்த மேற்பகுதி மரத்தச்சரிடமே இருக்கிறது.

இதனை மரபின் இழப்பு என்று புலம்புவோர் உண்டு. அது பொருந்தாது. ஆயிரக்கணக்கானோர் வடம்பிடித்து இழுக்கும் தேரின் சக்கரம் இடர்ப்பாட்டிற்கு உரிய இடம் அன்று. மக்களின் உயிர் அங்கே இருக்கிறது. அவ்விடத்தில் உறுதியே அறம். பழைய தச்சனும் ஒரு திங்கள் முயன்றது அந்த உறுதிக்காகவே. அவன் காலத்தில் உறுதியைத் தரவல்லது அவன் கை ஒன்றே. எனவே தொழிற்சாலைச் சக்கரம் அவனுக்கு எதிரானது அன்று, அவன் நோக்கத்தின் தொடர்ச்சியே.

இதிலிருந்து பெறப்படும் உண்மை எளியது. எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியதில்லை. உறுதி வேண்டிய இடத்தில் எந்திரமும், தீர்ப்பு வேண்டிய இடத்தில் கையும் என்பதே அளவு. பெருங்கட்டையை மின்வாளால் அறுப்பதனால் சிற்பத்தின் மதிப்புக் குறைவதில்லை. கண் திறக்கும் உளியடியை எந்திரத்திடம் விட்டால் குறையும்.

மூன்றாம் தச்சன்: பிழைப்பின் உரிமை

புறநானூற்றின் 206ஆம் பாடலும் ஔவையார் பாடியதே. பரிசில் தரக் காலம் தாழ்த்திய அதியமானின் வாயிற்காவலனிடம் அவர் பேசுகிறார். உலகம் வறிதாகிவிடவில்லை என்கிறார். தம் நிலைக்கு அவர் காட்டும் உவமை, மரம் வெட்டும் தச்சனின் கைத்திறன் மிக்க பிள்ளைகள். கோடரியோடு காட்டினுள் புகுந்த அவர்களுக்கு எத்திசையிலும் வேலைக்கு மரம் உண்டு. அதுபோலத் தமக்கும் எத்திசையிலும் உணவு உண்டு என்கிறார்.

புலமையின் தன்மானத்திற்குக் கைத்தொழிலின் தன்மானம் இங்கே உவமையாகிறது. கைத்திறன் உடையவர் எவர் வாயிலிலும் காத்து நிற்க வேண்டியதில்லை என்பதே அதன் உட்பொருள். எனினும் அவ்வுவமை ஓர் அடிப்படையின் மேல் நிற்கிறது. காடு திறந்திருக்கிறது. கோடரி தச்சன் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

இன்றைய அரும்பாவூர்ச் சிற்பியின் கையிலும் திறன் இருக்கிறது. காடு அவ்வாறு திறந்திருக்கவில்லை. மேற்கே பச்சைமலை எழுந்து நின்றாலும் அதன் மரம் வேண்டியவர் வேண்டியபடி வெட்டிக்கொள்ளத்தக்கது அன்று. ஈட்டி மரங்களைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1994ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்றியது. காடு காக்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. அதன் விளைவாகச் சிற்பி மரத்தை விலை கொடுத்து வாங்குபவர் ஆனார். மரத்தின் விலையும் காயவைக்கும் காலமும் அவருடைய முதலீடு. பொருள் விற்ற பிறகே அது திரும்பும். அதுவரை காத்திருக்க இயலாதவர் விரைவாகச் செய்கிறார். முதல் தச்சனின் திங்கள் இவ்வாறுதான் மூன்றாம் தச்சனின் வறுமையால் பறிபோகிறது. அழகியல் கேள்வியாகத் தொடங்கியது கூலிக் கேள்வியாக முடிவது தற்செயலன்று.

பிறப்பா, பழக்கமா

மேற்கண்ட பாடல்களில் தச்சரின் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வருவது கவனிக்கத்தக்கது. தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதை அவை இயல்பாகக் கொள்கின்றன. ஆனந்த குமாரசாமியும் குலவழித் தொழிலமைப்பை உயர்வாகவே எழுதினார். தமிழ்நாட்டில் கைவினையைப் போற்றும் எவரும் இவ்விடத்தில் நின்று சிந்தித்தாக வேண்டும். 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் இராசாசி அரசு, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று எதிர்க்கப்பட்ட அது, 1954ஆம் ஆண்டு காமராசர் ஆட்சிக்கு வந்தபின் கைவிடப்பட்டது. ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தைக் குறித்து, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்குமாறு தமிழ்நாடு அரசு கோரியது. பின்னர்க் குலத்தை அடிப்படையாகக் கொள்ளாத ‘கலைஞர் கைவினைத் திட்ட’த்தைத் தானே வகுத்து 2025ஆம் ஆண்டு தொடங்கியது.

கைவினையின் மீதான பற்று, ஒருவரை அவர் பிறந்த தொழிலிலேயே கட்டிப்போடும் பற்றாகக் கூடாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். இதற்குத் தமிழ் மரபிலேயே சான்று உண்டு. ஔவையார் பெயரில் வழங்கும் பிற்காலத் தனிப்பாடல் ஒன்று ஓவியம், மொழி, கல்வி, நடை ஆகியவற்றைப் பழக்கத்தால் வருபவை என்கிறது. நட்பு, இரக்கம், கொடை ஆகியவற்றை மட்டுமே பிறவிக் குணங்களாக வைக்கிறது. அப்பகுப்பில் கைத்திறன் பழக்கத்தின் பக்கம் நிற்கிறது. பழகினால் எவருக்கும் வரும், பழகாவிடில் சிற்பியின் மகனுக்கும் வராது. ஆதலால் தச்சர் வீட்டுப் பிள்ளையின் கண் என்பதைக் குருதியில் வந்த கண்ணாகக் கொள்ளாமல், மரச்சீவல்களுக்கு நடுவே பழகிய கண்ணாகக் கொள்வதே தகும். அப்பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கப்படுமானால் கைவினை வாழும். தச்சரின் பிள்ளை வேறு தொழிலுக்குச் செல்லும் உரிமையும் வாழும்.

புவிசார் குறியீடு காட்டுவதும் காட்டாததும்

1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஒரு பொருளின் தரமோ நற்பெயரோ அது தோன்றிய நிலப்பகுதியோடு பிணைந்திருப்பதை ஏற்றுக் காக்கிறது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். வேறோர் ஊரில் செய்த பொருளை அரும்பாவூர்ச் சிற்பம் என்று விற்பதை இது தடுக்கிறது. இது பெரிய பாதுகாப்பே.

ஆனால் குறியீடு ஊரின் பெயரைச் சொல்கிறதே தவிர, செய்தவரின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு திங்கள் செலவிட்ட சிற்பமும் இரண்டு நாளில் முடித்த சிற்பமும் ஒரே குறியீட்டின் கீழ் நிற்கக்கூடும். முதல் தச்சன் கேட்ட காலத்தை அது அளப்பதில்லை. மூன்றாம் தச்சன் கேட்ட பிழைப்பை அது உறுதி செய்வதில்லை. இரண்டாம் தச்சன் கேட்ட கண்ணை அது உருவாக்குவதும் இல்லை. அக்கண்ணின் இடத்தில் ஒரு முத்திரையை வைக்கிறது. முத்திரையைப் பார்த்தவர் பொருளைப் பார்க்க மறந்துவிடும் இடரும் இதில் உண்டு. குறியீட்டைக் குறைகூறுவது இங்கே நோக்கமன்று. அது தொடக்கமே என்பதை நினைவூட்டுவதே நோக்கம். சிற்பியின் பெயர், பயன்பட்ட மரம், செலவிட்ட நாள் ஆகிய மூன்றையும் பொருளோடு சேர்த்து எழுதித் தரும் எளிய வழக்கம்கூட, வாங்குபவரின் கண்ணைப் பழக்கத் துணைசெய்யும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கைவினைப் பொருளின் மதிப்பு அதன் பழமையிலோ குறையிலோ மெதுவான செய்முறையிலோ இல்லை. வேறு விதமாகச் செய்திருக்கக்கூடிய ஒருவர், இவ்வாறு செய்ய வேண்டும் என எடுத்த முடிவுகளில் இருக்கிறது.

2. அம்முடிவுகளுக்கு மூன்று நிபந்தனைகள் தேவை. செய்பவரின் ஆளுகையில் காலம் இருத்தல், பொருளை அறிந்த கண் சமூகத்தில் இருத்தல், செய்பவர் எவர் வாயிலிலும் காத்து நிற்காமல் பிழைக்கும் உரிமை பெற்றிருத்தல் ஆகியன அவை.

3. எந்திரம் கைவினைக்கு இயல்பாகவே பகை அன்று. தேர்ச்சக்கரம் போன்று உறுதி வேண்டிய இடத்தில் எந்திரம் பொருத்தமானது.

4. கைத்திறன் பழக்கத்தால் வருவது. அதனைப் பிறப்போடு பிணைப்பது கைவினைக்கும் நன்மை செய்யாது, கைவினைஞருக்கும் நன்மை செய்யாது.

குரும்பலூர் வீட்டுக்காரரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எந்திரத்தில் வெட்டிய கதவை அவர் வாங்கினால் அதில் இழிவு ஏதுமில்லை. அது கதவின் வேலையைச் செய்யும். அரும்பாவூர்ச் சிற்பிக்கு அவர் தரும் கூடுதல் தொகை, கதவின் அழகுக்குத் தரும் விலை மட்டும் அன்று. கணு குறுக்கிட்ட இடத்தில் உளியை நிறுத்தி ஒருவர் யோசித்த நேரத்திற்கான விலை அது. அந்த நேரம் விலை பெறாத ஊரில் உளி நிற்காமல் ஓடப் பழகிவிடும். அப்படி ஓடும் உளிக்கும் எந்திரத்திற்கும் வேறுபாடு இல்லாமல் போகும்போது, தோற்றது கை என்று சொல்வதைவிட, அதற்கு ஒரு திங்கள் தர மறுத்தவர்களின் கணக்கு தோற்றது என்று சொல்வதே பொருந்தும்.